மக்கேய்சர் மைதானத்திலிருந்து பராலிம்பிக் பாதைக்கு: திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

மச்சானை முதன்முதலாகப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனபோது என் சட்டைப் பையில் ஒரேயொரு கடிதம் இருந்தது. "இவருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு" என்று ஒரு வைத்தியர் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த ஒற்றை வரி. இரவு ரயிலில் கண்மூடாமல் போய் இறங்கி, மைதானத்துப் பதிவு மேசையில் அதை நீட்டினேன். அங்கே இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கண்ணில் எவ்வளவு? கண்ணாடி போட்டு அளந்ததா, போடாமல் அளந்ததா? பார்வைப் புலம் எத்தனை பாகை? ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. மச்சான் அன்று ஓடவில்லை. பார்வையாளர் படியில் இருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வெடிக்கும் துவக்குச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்தான்.

பிழை முழுக்க என்னுடையது. ஆறு மாதம் ஓடப் பழக்கினேன், சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன், காலையில் முட்டை அவித்துக் கொடுத்தேன். குறைபாட்டின் வகையையும் அளவையும் பார்த்து வீரர்களை வகுப்பு வகுப்பாகப் பிரிப்பார்கள்; அதில் எந்த வகுப்பில் ஓடப்போகிறான் என்று மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. பரா விளையாட்டில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். திருகோணமலை நகரத்திலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ தம்பலகாமத்திலோ குச்சவெளியிலோ இருந்துகொண்டு, "நானும் விளையாடலாமா?", "என் பிள்ளையை விடலாமா?" என்று யோசிக்கும் எவருக்கும் பயன்படட்டும் என்று, நான் தட்டுத் தடுமாறிப் படித்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தக் கதவு என்று பாருங்கள்

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டு என்றாலே பராலிம்பிக் என்று நினைக்கிறோம். உண்மையில் கதவுகள் மூன்று.

பராலிம்பிக்கின் தொடக்கம் ஒரு வைத்தியசாலை முற்றம். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில், போரில் முள்ளந்தண்டு அடிபட்ட 16 பேரை வைத்து லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். ஜெர்மனியில் யூதர் என்பதால் இருக்க முடியாமல் அகதியாக வந்தவர் அவர். 1960இல் அது ரோம் நகரில் 23 நாடுகளின் 400 வீரர்களோடு பராலிம்பிக் ஆயிற்று. 1988 சோல் முதல் ஒலிம்பிக் நடக்கும் அதே அரங்குகளிலேயே நடக்கிறது. "பரா" என்பது கிரேக்கச் சொல். பக்கத்தில், கூடவே என்று பொருள். 2024 பாரிஸ் போட்டியில் 22 விளையாட்டுகள், 549 பதக்க நிகழ்வுகள். அடுத்தது 2028 ஆகஸ்ட் 15 முதல் 27 வரை லொஸ் ஏஞ்சல்ஸில்.

காது கேளாதவர்களுக்கு இந்தக் கதவு இல்லை. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனியாக இருக்கிறது. 1924இல் பாரிஸில் தொடங்கியது. பராலிம்பிக்கைவிட வயதில் மூத்தது. இது தெரியாமல் காது கேளாத பிள்ளையைப் பரா தெரிவுக்கு அழைத்து வந்து, ஏமாந்து திரும்பிய தாயைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை நல்ல ஓட்டக்காரி. வந்த இடம்தான் பிழை.

மூன்றாவது, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ். 1968இல் அமெரிக்காவில் தொடங்கியது, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அங்கே எல்லாத் தரத்தினரும் தம்மை ஒத்தவர்களோடு போட்டியிடலாம். பராலிம்பிக்கிலும் இவர்களுக்குச் சில நிகழ்வுகள் உண்டு. ஆனால் அங்கே போக நுண்ணறிவு ஈவு (ஐகியூ) 75 அல்லது அதற்குக் குறைவு என்பதையும், அன்றாட வாழ்க்கையில் அதனால் உள்ள சிரமத்தையும் ஆவணத்தோடு காட்ட வேண்டும். அதோடு உயர்தரப் போட்டி வீரருக்குரிய வேகமும் வேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்தால் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பக்கம் முதலில் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

2. வகுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள், விளையாட்டை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கொஞ்சம் நின்று படியுங்கள்.

பராலிம்பிக் ஏற்றுக்கொள்ளும் குறைபாடுகள் பத்து: தசை வலுக் குறைவு, மூட்டு அசையும் அளவுக் குறைவு, கை கால் இழப்பு அல்லது பிறவியிலேயே இல்லாமை, கால் நீள வித்தியாசம், குள்ளமான உடல், தசை இறுக்கம், அசைவு ஒருங்கிணையாமை, தானாக வரும் கட்டுப்படாத அசைவு, பார்வைக் குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு. தசை இறுக்கம், அசைவு ஒருங்கிணையாமை, கட்டுப்படாத அசைவு ஆகிய மூன்றும் பெரும்பாலும் மூளை வாதம் உள்ளவர்களிடம் காணப்படுபவை. போலியோவால் மெலிந்த காலும், மோட்டார் சைக்கிளில் விழுந்து தோள் நரம்பு அறுந்து தொங்கும் கையும் தசை வலுக் குறைவில் அடங்கும். இந்த இரண்டாவது வகை நம் ஊரில் அதிகம். கை முழுசாக இருக்கிறதே என்று அவர்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை. வர வேண்டும்.

இந்தப் பத்தில் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, குறைந்தபட்ச அளவும் உண்டு. ஓரிரு விரல் போனவர் தேறமாட்டார். மெய்வல்லுநர் போட்டியில் கால் நீள வித்தியாசம் 7 சென்ரிமீற்றர் ஆவது இருக்க வேண்டும். குள்ளமானவர் என்றால் ஆண் 145 சென்ரிமீற்றருக்கும் பெண் 137க்கும் மேல் உயரம் இருக்கக்கூடாது. கை நீளத்தையும் அளப்பார்கள். பார்வை என்றால், கண்ணாடி போட்ட பிறகும் இரண்டு கண்ணாலும் பார்க்க முடிவது எவ்வளவு என்பதுதான் கணக்கு. ஒரு கண் முழுதாகப் போய் மற்றக் கண் நன்றாக இருந்தால் வகுப்பு கிடைக்காது. கண் வைத்தியர் சுவரில் தொங்கவிடும் அட்டையில் மேலே தனியாக நிற்கும் பெரிய எழுத்து இருக்கிறதே, அதற்கு 6/60 என்று கணக்கு. கண்ணாடி போட்டும் அதற்குக் கீழே உள்ள வரியை வாசிக்க முடியாதவர், அல்லது பார்வைப் புலம் குழாய்க்குள் பார்ப்பதுபோல் 40 பாகைக்கும் குறைவாகச் சுருங்கியவர், நம்பிக்கையோடு மேலே போகலாம். நாட்பட்ட வலி, மூட்டுத் தளர்ச்சி, களைப்பு நோய் போன்றவை எவ்வளவு வாட்டினாலும் இந்தப் பத்தில் சேரா. கேட்க மனம் கஷ்டமாக இருக்கும். கொழும்பு போய் வந்த பிறகு தெரியவருவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

வகுப்பின் பெயர் ஒரு எழுத்தும் ஒரு எண்ணுமாக வரும். மெய்வல்லுநரில் ஓட்டத்துக்கும் பாய்தலுக்கும் "ரி", எறிதலுக்கு "எஃப்". எண்களில் 11, 12, 13 பார்வைக் குறைபாடு. 20 அறிவுத்திறன். முப்பதுகளில் வருபவை மூளை வாதம் போன்றவை. 40, 41 குள்ளமானவர்கள். 42 முதல் 44 வரை செயற்கைக் கால் இல்லாமல் போட்டியிடும் காற்குறைபாடு உள்ளவர்கள். 45 முதல் 47 வரை கை. ஐம்பதுகள் இருந்துகொண்டு போட்டியிடுபவர்கள். 61 முதல் 64 வரை செயற்கைக் காலோடு வருபவர்கள். பொதுவாக ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் எண் குறையக் குறைய பாதிப்புக் கூடும்.

நம் நாட்டு வீரர்களை வைத்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். இலங்கை முதன்முதலாகப் பராலிம்பிக் பதக்கம் கண்டது 2012 லண்டனில்: பிரதீப் சஞ்சய, 400 மீற்றர், ரி-46, வெண்கலம். ஈட்டி எறிபவரான தினேஷ் பிரியந்த ஹேரத் கையில் பாதிப்பு உள்ளவர், எஃப்-46. 2016 ரியோவில் வெண்கலம் எடுத்து, டோக்கியோவில் 2021 ஆகஸ்ட் 30ஆம் திகதி 67.79 மீற்றர் எறிந்து தங்கம் வென்றார். நாட்டின் முதல் பராலிம்பிக் தங்கம் அது. அன்றைக்கு உலக சாதனையும்கூட. அதே நாளில் துலான் கொடிதுவக்கு காற்குறைபாட்டுப் பிரிவில் வெண்கலம் எடுத்தார்.

துலானின் கதையில்தான் புதியவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அவர் எஃப்-44. டோக்கியோவிலும் பாரிஸிலும் ஈட்டியில் 44க்குத் தனி நிகழ்வு வைக்காமல் 64ஓடு சேர்த்துவிட்டார்கள். 2024 பாரிஸில் அவர் 67.03 மீற்றர் எறிந்தார். அது அவர் வகுப்பில் உலக சாதனை, ஆனால் கிடைத்தது வெள்ளி. ஏனென்றால் அதே களத்தில் எஃப்-64 வகுப்பு இந்தியர் சுமித் அன்டில் 70.59 எறிந்தார். ஆகவே உங்கள் வகுப்பு எது என்று தெரிந்ததும் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: அந்த வகுப்புக்கு எந்தெந்த நிகழ்வு இருக்கிறது, யாரோடு சேர்த்து நடத்துகிறார்கள்? நீளம் பாய்தலில் உயிராக இருக்கும் ஒரு பெடியனின் வகுப்புக்கு நீளம் பாய்தலே இல்லாமல் போகலாம். ஒரு வருடம் பாய்ந்து பழகிய பிறகு அது தெரிந்தால் அழுகைதான் வரும்.

வகுப்பைத் தீர்மானிப்பது நீங்களோ உங்கள் வைத்தியரோ பயிற்றுநரோ அல்ல. அதற்கென்று பயிற்சி பெற்ற குழு ஒன்று உடம்பைப் பரிசோதிக்கும், நீங்கள் விளையாடும் விதத்தையும் பார்க்கும். கூடக் குறையக் காட்டி நடிக்கலாம் என்று யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் பல வருடத் தடை, சொல்லிக் கொடுத்தவருக்கும் சேர்த்து.

3. தாள்களைச் சேருங்கள்

ஒரு கோப்பு வாங்குங்கள், பிளாஸ்டிக் உறையோடு. மாரி மழையில் நம் ஊரில் நனையாத தாள் கிடையாது.

பார்வை என்றால்: எந்த நோய், எப்போது முதல், இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகக் கண்ணாடியோடும் இல்லாமலும் அளந்த எண், புலம் சுருங்கும் நோயாக இருந்தால் இயந்திரத்தில் எடுத்த புல வரைபடம். அந்த இயந்திரம் இல்லாத இடத்தில் வேறு வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். திகதி கிடைக்க மாதங்கள் ஆகலாம், ஆகவே முதல் வேலையாக அதைக் கேளுங்கள். கை கால் இழப்பு என்றால் எக்ஸ்ரே படம், எந்த மூட்டுக்கு மேலே கீழே என்ற விவரம். முள்ளந்தண்டு, நரம்பு, மூளை வாதம் என்றால் எந்த மட்டத்தில் பாதிப்பு, ஸ்கான் அறிக்கை, சத்திரசிகிச்சைக் குறிப்பு. போர்க் காலத்தில் அடிபட்ட சிலரிடம் ஒரு தாளும் இல்லை. இடம்பெயர்ந்து ஓடும்போது யார் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? கவலைப்பட வேண்டாம், இப்போதைய நிலையைப் புதிதாகப் பரிசோதித்து எழுதி வாங்கலாம்.

இன்னொன்று, இது மிகச் சின்ன விஷயம்போல இருக்கும்: ஆங்கிலத்தில் உங்கள் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், வைத்தியர் தன் காதுக்குப் பட்டபடி மூன்றாவது விதம். நம் பெயர்களில் எழுத்துக்குப் பஞ்சமா? கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அல்லது இருக்கப்போகிறதோ, அதே எழுத்துகள் எல்லாத் தாளிலும் வர வேண்டும். வைத்தியரிடம் போகும்போது ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போய்க் கொடுங்கள், கோபிக்கமாட்டார்கள்.

4. யாரிடம் போவது

பிரதேச செயலகம். அங்கே இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். சமூக சேவை உத்தியோகத்தரிடம் மாற்றுத்திறனாளிகள் பதிவில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கிராம உத்தியோகத்தர் மூலம் பதியுங்கள். விளையாட்டு உத்தியோகத்தரிடம் பரா போட்டிகளின் அறிவித்தல் வந்தால் தெரிவிக்கச் சொல்லித் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். மாதம் ஒருமுறை தலையைக் காட்டினால்தான் ஞாபகம் இருக்கும். கிழக்கு மாகாண நிர்வாகம் நம் ஊரிலேயே இருப்பது ஒரு வசதி. மட்டக்களப்பாரும் அம்பாறையாரும் பஸ் பிடித்து வரவேண்டிய இடத்துக்கு நாம் ஆட்டோவில் போய்விடலாம். நாடு முழுக்கப் பரா விளையாட்டைப் பார்ப்பது கொழும்பில் உள்ள தேசிய பராலிம்பிக் குழு. சர்வதேசப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு மட்டும்தான். தனியாளாக விண்ணப்பித்து யாரும் பராலிம்பிக் போக முடியாது. "வெளிநாட்டுப் போட்டிக்கு நான் அனுப்புகிறேன்" என்று காசு கேட்டு வருபவரிடம் இதை ஞாபகம் வைத்துப் பேசுங்கள்.

5. இங்கே இருந்துகொண்டு எதைப் பழகலாம்

எறிதல்தான் என் முதல் சிபாரிசு: ஈட்டி, குண்டு, பரிதிவட்டம். ஒரு மைதானமும் கொஞ்சம் காவலும் போதும். சக்கர நாற்காலி ஓட்டத்துக்கு வேண்டிய மூன்று சில்லு நாற்காலி பெரும் விலை; வைத்தியசாலை நாற்காலியில் ஓடிப் பழகினால் தோள்தான் போகும். அதே ஆளுக்கு எறிதல் வகுப்பு இருக்கும். இருந்துகொண்டு எறிபவருக்கு எறி நாற்காலி ஒன்று வேண்டும். அதை நம் ஊர் வெல்டிங் கடையிலேயே செய்யலாம். உயரம் இருக்கை மெத்தையோடு சேர்த்து 75 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. இருக்கை மட்டமாக அல்லது பின்பக்கம் சரிவாக இருக்கலாம், முன்பக்கம் சரியக்கூடாது. பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பி வைக்கலாம். அது வளைந்து துள்ளக்கூடாது. நாலு மூலையிலும் தரையோடு கட்ட வளையம் வேண்டும். தொடையைக் கட்டும் பட்டி இழுபடாத நாடாவாக இருக்கட்டும். எறியும்போது இருக்கையிலிருந்து எழும்பினால் அந்த எறி செல்லாது. வெல்டிங் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: அழகு வேண்டாம், ஆட்டம் இருக்கக்கூடாது. எங்களுக்கு முதலில் செய்து தந்த நாற்காலியில் மயில் டிசைன் இருந்தது. மூன்றாவது எறியில் ஒரு கால் கழன்றது.

இருந்து விளையாடும் கரப்பந்து நம் கடற்கரைக்கென்றே பிறந்தது. களம் 10 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 1.15 மீற்றர், பெண்களுக்கு 1.05. பந்தை அடிக்கும்போது தோளுக்கும் பிட்டத்துக்கும் இடைப்பட்ட உடம்பின் ஏதாவது ஒரு பகுதி தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும். எதிரணியின் சேர்விஸை வலையிலேயே மறிக்கலாம். நின்று விளையாடுபவர்களுக்கு இது கிடையாது. மணலில் பழகிவிட்டு மண்டபத் தரைக்குப் போனால் கை வழுக்கிக்கொண்டு போவது தனி மகிழ்ச்சி. கால் குறைபாடு இல்லாத தம்பி தங்கைகளையும் சேர்த்து இருத்தி விளையாடுங்கள். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்குவது யார் என்று தெரியும்.

கை கால் நான்கும் கடுமையாகப் பாதித்தவர்களுக்கு போச்சா. வெள்ளைப் பந்தை நோக்கி சிவப்பு, நீலப் பந்துகளை உருட்டும் ஆட்டம், கோலிக்குண்டு விளையாட்டின் பெரியண்ணன் என்று வையுங்கள். பந்தைப் பிடிக்கவே முடியாதவர் சாய்தளம் வைத்து உருட்டலாம். அந்தச் சாய்தளத்தை நகர்த்தும் உதவியாளர் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால் தவறு. முடிவு எல்லாம் வீரருடையது. இதைப்போல் நேர்மையான விதியை நான் வேறு விளையாட்டில் காணவில்லை.

நீச்சல் பற்றி: கடல் இருக்கிறதே என்று சொல்வார்கள். சித்திரை முதல் புரட்டாதி வரை உப்புவெளிப் பக்கம் கடல் குளம்போல இருக்கும். தண்ணீர்ப் பயம் போக்க நல்லது. போட்டி நேரத்தை அளக்கக் குளம் வேண்டும், ஆகவே தொடக்கத்துக்கு மட்டும் கடல்.

6. பார்வைக் குறைபாடு உள்ளவரோடு ஓடுவது

இது என் துறை, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரி-11 வகுப்பில் எல்லோரும் கண்ணை முழுதாக மறைத்துத்தான் ஓட வேண்டும், வழிகாட்டி கட்டாயம். ரி-12இல் வழிகாட்டி விருப்பம். ரி-13இல் இல்லை. வழிகாட்டியோடு ஓடும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு ஓடுபாதை தருவார்கள். கையையும் கையையும் இணைக்கும் கயிறு இழுபடாததாக, நீட்டிப் பிடித்தால் 30 சென்ரிமீற்றருக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது, முடிவுக் கோட்டில் வீரர்தான் முதலில் போக வேண்டும். நீங்கள் முந்தினால் அவர் தகுதி இழப்பார்.

ஆகவே வழிகாட்டி வீரரைவிட வேகமானவராக இருக்க வேண்டும். பாசம் போதாது. மச்சான் நன்றாக ஓடத் தொடங்கியதும் 400 மீற்றரின் கடைசி 100இல் நான்தான் அவனுக்குப் பாரமானேன். "அத்தான், நீங்க கதைச்சுக்கொண்டு வாங்கோ, ஓடுறதுக்கு வேற ஆளைப் பாப்பம்" என்றான் ஒருநாள், சிரிக்காமல். இப்போது 1500க்கு மட்டும் நான், குறுந்தூரத்துக்குப் பாடசாலை அணியில் ஓடிய ஒரு தம்பி.

பழகும் முறை இதுதான். முதல் வாரம் ஓட வேண்டாம், கயிற்றோடு நடங்கள். உங்கள் வெளிக்கால் அவர் வெளிக்காலோடும் உள்கால் உள்காலோடும் ஒன்றாக விழ வேண்டும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. சொற்களைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே பேசித் தீர்மானியுங்கள். எங்களுடையவை: "வளைவு", "நேர்", "இறுக்கு", "நெஞ்சு". கடைசிச் சொல் முடிவுக் கோட்டுக்கு. ஒருமுறை நான் அவசரத்தில் "பார்த்து" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் சிரித்து ஓட்டமே நின்றது.

கடற்கரையில் ஓடுவதானால் டச் பே ஈர மணல் காலுக்கு இதம், ஆனால் கரை சரிவு. ஒரே பக்கமாக ஓடினால் ஒரு முழங்கால் மட்டும் தேயும்; போன தூரம் திரும்பியும் ஓடுங்கள். நகரத்துக்குள் விடியற்காலையில் ஓடும்போது மான்களைக் கவனியுங்கள். கோட்டைப் பக்கத்து மான் கூட்டம் யாருக்கும் வழி விடுவதில்லை. மச்சான் குளம்புச் சத்தத்தை எனக்கு முன்னமே கேட்டு நின்றுவிடுவான், இழுபட்டு விழுவது நான்.

7. காற்று, வெயில், உடம்பு

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று. தரையிலிருந்து சூடாக, தூசியோடு அடிக்கும். அந்தக் காற்று முதுகில் அடிக்க எறிந்த ஈட்டி தூரத்தைக் கண்டு மயங்காதீர்கள். எதிர்த்திசையிலும் எறிந்து இரண்டையும் எழுதி வையுங்கள். பயிற்சியைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். முள்ளந்தண்டு மேல்மட்டத்தில் அடிபட்டவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடேறுவது வெளியே தெரியாது. ஈரத் துவாயும் நிழலும் தண்ணீரும் பக்கத்தில் இல்லாமல் அவர்களை மைதானத்தில் விடவே கூடாது. நாற்காலியில் இருப்பவர்கள் அடிக்கடி கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் பயிற்சி போகும்.

செயற்கைக் கால் போட்டவர்கள் பயிற்சி முடிந்ததும் கழற்றி, காலின் முனையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துப் பாருங்கள். வியர்வையும் கடல் உப்பும் மணலும் சேர்ந்தால் ஒரே நாளில் தோல் உரியும். ஜெய்ப்பூர் கால் நடக்கவும் குந்தவும் வயலில் இறங்கவும் செய்தது. எறிதலுக்கு நிற்கப் போதும், வேக ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. பொருத்தம் தளர்ந்தால் யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையத்திலோ, நீங்கள் கால் வாங்கிய இடத்திலோ திருத்திக்கொண்டு பிறகு பயிற்சிக்கு வாருங்கள். சீனி வருத்தத்தால் கால் இழந்தவர்கள் மற்றக் காலையும் தினமும் பார்க்க வேண்டும். அதற்கு உணர்ச்சி குறைவு.

மருந்து விஷயம் ஒன்று. ஊக்கமருந்துச் சட்டம் பரா வீரருக்கும் அப்படியே பொருந்தும். கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் நீர் போகும் குளிசைகள், புரூஸமைட் போன்றவை, தடைப் பட்டியலில் உள்ளன. பிரெட்னிசொலோன் குளிசை போட்டி நேரத்தில் தடை. வைத்தியர் எழுதித் தந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. முன்கூட்டியே விதிவிலக்கு அனுமதி எடுக்க வேண்டும். ஆகவே நீங்கள் குடிக்கும் எல்லா மருந்தின் பெயரையும் எழுதி, இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையத்திடமோ அணி வைத்தியரிடமோ காட்டுங்கள். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பேர் தெரியாத லேகியம், ஜிம்மில் விற்கும் மாவு, இரண்டையும் தொட வேண்டாம்.

8. கொழும்புப் பயணமும் போட்டி நாளும்

போட்டிக்கு முதல் நாள் காலையிலேயே போய்ச் சேருங்கள். இரவு ரயிலில் போய் இறங்கி அப்படியே ஓடலாம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் செய்து பார்த்தோம். ரயில் படி உயரம், நாற்காலியோடு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். வான் ஒன்றைப் பலர் சேர்ந்து பிடிப்பது சில வேளை மலிவாகவே முடியும். எறி நாற்காலி கொண்டுபோகிறவர்கள் மறக்காமல் திருகாணிச் சாவியும் கொண்டு போங்கள்.

நம் மைதானங்களில் புல்லில் ஓடிய காலுக்கு சுகததாச அரங்கின் செயற்கைத் தரை முதலில் துள்ளுவதுபோல இருக்கும். முதல் நாள் மாலையில் கொஞ்சம் நடக்க அனுமதி கேளுங்கள். பார்வை இல்லாதவருக்குப் பாதையைக் கையால் தொட்டுக் காட்டுங்கள்: கோடு, தொடக்கக் கட்டை, வளைவு எங்கே தொடங்குகிறது.

அழைப்பு ஒலிபெருக்கியில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும். உங்கள் வகுப்பு எண்ணை இரண்டு மொழியிலும் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். 46 என்றால் "ஹத்தலிஸ் ஹய". இது தெரியாமல் தன் ஓட்டம் முடியும்வரை நிழலில் இருந்து வாழைப்பழம் தின்ற ஒரு தம்பியை எனக்குத் தெரியும். அழைப்பு அறைக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் எவ்வளவு திறமை இருந்தாலும் பெயரை வெட்டிவிடுவார்கள்.

9. அதற்கு மேலே

தேசிய மட்டத்தில் நல்ல பெறுபேறு காட்டினால், சர்வதேச வகுப்பாக்கம் நடக்கும் போட்டி ஒன்றுக்கு தேசியக் குழு அனுப்பலாம். அங்கே உங்கள் வகுப்பை மறுபடி பார்ப்பார்கள். மாறவும் கூடும், மனதைத் தயார்ப்படுத்தி வையுங்கள். அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற போட்டிகளில், குறிப்பிட்ட காலத்துக்குள், குறைந்தபட்சத் தகுதி அளவை எட்ட வேண்டும். எட்டினாலும் இடம் நாட்டுக்குத்தான் கிடைக்கும், ஆளுக்கல்ல. யாரை அனுப்புவது என்று குழு தீர்மானிக்கும். ஆசிய பரா விளையாட்டு விழாவும், பரா நிகழ்வுகளையும் சேர்த்தே நடத்தும் பொதுநலவாய விளையாட்டு விழாவும் இடையில் உள்ள படிகள்.

ஒவ்வொரு போட்டி முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உத்தியோகபூர்வ முடிவுத் தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பெயர், வகுப்பு, நேரம் அல்லது தூரம், 100, 200 மீற்றரும் நீளம் பாய்தலும் என்றால் காற்றின் வேகம், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அன்றைக்கே திருத்துவது சுலபம். திருகோணமலை வந்து சேர்ந்த பிறகு அதற்காக எத்தனை தொலைபேசி எடுத்தேன் என்று என் மனைவியிடம் கேளுங்கள். மச்சானின் கோப்பில் இப்போது பதினொரு தாள் இருக்கிறது. அந்த ஒற்றை வரிக் கடிதத்தையும் அவன் எறியவிடவில்லை. முதல் உறையில் வைத்திருக்கிறான், என்னைக் கிண்டலடிக்க.